முகத்தின் நடுக்கோடு



சீனாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீனாள் பெயரால் விளங்கும் பழமையான துறவு மடம் ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிறிஸ்து பெருமானின் திருவோவியம் ஒன்று அங்கே இன்றும் காக்கப்பட்டு வருகிறது. மரப்பலகையின்மீது, உருக்கிய மெழுகில் குழைத்த வண்ணங்களால் தீட்டப்பட்டது அது. அதனை முதன்முறையாகக் காண்போர் சற்றே திகைப்பர். ஏனெனில் திருமுகத்தின் வலப் பாதியும் இடப் பாதியும் ஒன்றுபோல் இல்லை. ஒரு பாதி அமைதியும் கனிவும் நிறைந்தது. மறு பாதியில் புருவம் உயர்ந்து, பார்வை ஊடுருவுகிறது. ஒரே ஆளிடம் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் இணைந்திருத்தலை உணர்த்தவே ஓவியன் இவ்வாறு வரைந்தான் என்று விளக்குவோர் பலர். எப்படியாயினும், ஆண்டவரின் முகத்தை இரு பாதியும் ஒத்ததாக வரைந்தே தீரவேண்டும் என்று அந்தப் பக்தன் கருதவில்லை.

முகத்தின் இரு பாதிகளைப் பற்றி இம்மாதம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அண்மையில் பெற்றோர் சிலர் ஏறத்தாழ ஒரே கேள்வியுடன் என்னிடம் வந்தனர். "சாமி, பிள்ளையின் பல்லுக்குக் கம்பி போடலாம் என்று டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவரோ, முகவாய் ஒரு பக்கம் விலகியிருக்கிறது, முதலில் முகத்தை அளந்து பார்க்கவேண்டும் என்கிறார். முகத்தையும் அளப்பார்களா? இது அவசியந்தானா? கடவுள் கொடுத்த முகத்தில் கைவைப்பது சரியா?" என்று கேட்டனர். முதல் இரு கேள்விகளும் மருத்துவரைச் சேர்ந்தவை. மூன்றாவது என்னைச் சேர்ந்தது. எனினும் முதலிரண்டையும் விளங்கிக்கொள்ளாமல் மூன்றாவதற்கு விடை கூறல் இயலாது. ஆகவே, நூல்களைப் படித்தும் அத்துறை மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே சுருக்கித் தருகிறேன்.

ஒத்த முகம் எவருக்கும் இல்லை

கிரேக்க நாட்டு மீலோஸ் தீவில் 1820-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிஸ் மாநகரின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கும் வீனஸ் சிலையை அழகின் சிகரம் என்று உலகம் புகழ்கிறது. 1887-இல் ஹாசே என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் அச்சிலையின் முகத்தை ஆராய்ந்து, அதன் இரு பக்கங்களும் சமமாக இல்லை என்று காட்டினார். சிற்பி பிழை செய்யவில்லை; உயிருள்ள மனிதரை உற்று நோக்கியவன் அவன்.

பல்சீரமைப்பு மருத்துவத்தின் தந்தை எனப்படும் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் (1855-1930), நமது வத்திக்கான் அருங்காட்சியகத்திலுள்ள அப்பொல்லோ சிலையின் முகத்தையே இலக்கணமாகக் கொண்டு போற்றினார். அழகான முகத்துக்கு ஓர் உறுதியான விதி வேண்டும் என்பது அவர் விருப்பம். எட்மண்ட் வெர்பெல் என்ற ஓவிய ஆசிரியரை அவர் அணுகியபோது, மனித முகங்கள் பலவகையானவை, எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது என்று அக்கலைஞர் எடுத்துரைத்தார். விதியைத் தேடிய மருத்துவருக்கு ஓவியர் புகட்டிய பாடம் இது.

பின்னர் 1991-இல் பெக் முதலிய ஆய்வாளர்கள், மிக அழகிய முகத்தினர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரின் எக்ஸ்ரே படங்களை அளந்தனர். அவர்களிடமும் வலம் இடம் வேறுபாடு இருந்தது. மண்டையோட்டை நெருங்க நெருங்க வேறுபாடு குறைந்தும், கீழ்த்தாடைக்கு வர வர மிகுந்தும் காணப்பட்டது. ஆகவே, வேறுபாடு உண்டா என்பதன்று மருத்துவரின் கேள்வி. அது எவ்வளவு, எந்த இடத்தில், எதனால், இன்னும் வளர்கிறதா என்பனவே அவர் அறிய விரும்புபவை.

அளக்கும் விதம்

இதற்கு முதலில் வேண்டியவை பயிற்சி பெற்ற கண்ணும் ஒரு துண்டு நூலுமேயாம். பிள்ளையை நேராக அமர்த்தி, தொலைவிலுள்ள ஒரு பொருளையோ கண்ணாடியையோ இயல்பாகப் பார்க்கச் சொல்வர். தலையைச் சாய்த்துப் பழகியவர்கள் தம் குறையைத் தம்மையறியாமலே மறைப்பதுண்டு. ஆகையால் தலையின் இயல்பான நிலை முக்கியம். பிறகு இரு கருவிழிகளையும் இணைக்கும் குறுக்குக் கோடு ஒன்றை மனத்தில் இழுப்பர். அதற்குச் செங்குத்தாக, புருவ மத்தியிலிருந்து மோவாய்வரை ஒரு நூலைப் பிடிப்பர். மூக்கின் நுனி, மேலுதட்டின் நடுப்பள்ளம், மேல் முன்பற்கள் இரண்டும் சேரும் இடம், கீழ் முன்பற்கள் சேரும் இடம், மோவாயின் நடு ஆகிய ஒவ்வொன்றும் அந்நூலிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் விலகியுள்ளது என்று குறிப்பர். மூக்கே வளைந்திருக்கலாம், கண்களுள் ஒன்று தாழ்ந்திருக்கலாம். எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் பலவற்றை ஒத்துப் பார்ப்பர்.

அடுத்து, தட்டையான மரக்குச்சி ஒன்றைக் குறுக்காகக் கடைவாய்ப் பற்களில் கடிக்கச் செய்வர். பல்வரிசை கண்களின் கோட்டுக்கு இணையாக இருந்தால் குச்சியும் இணையாக நிற்கும். தாடை ஒரு பக்கம் இறங்கியிருந்தால் குச்சி தராசுத் தண்டுபோல் சாய்ந்து காட்டிவிடும். பின்பு மருத்துவர் பிள்ளையின் பின்னால் நின்று நெற்றிக்கு மேலிருந்து மோவாயை நோக்குவார், கீழிருந்தும் நோக்குவார். நேரே பார்க்கையில் தோன்றாத விலகல் மேலிருந்து பார்க்கையில் தெளிவாகும்.

எலும்பின் நிலையை அறியப் படம் வேண்டும். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1931-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிராட்பெண்ட் என்பவரும், அதே ஆண்டில் ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும், தலையை அசையாமல் நிறுத்தி, குறித்த தொலைவிலிருந்து அளவுக்குரிய படமெடுக்கும் முறையை வகுத்தனர். நேர்முகமாக எடுக்கும் படத்தில் நடுக்கோடு வரைந்து வலம் இடம் ஒப்பிடும் முறைகள் பல உள்ளன. 1987-இல் கிரம்மன்ஸ் வெளியிட்ட முறை அவற்றுள் பெயர் பெற்றது. 1990-களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்கென வந்த கூம்புக்கதிர் சி.டி. கருவி, தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. இக்கருவியை எல்லாருக்கும் பயன்படுத்தத் தேவையில்லை. கண்ணும் நூலும் ஐயத்தை எழுப்பிய பின்னரே கதிர்களை நாடுதல் நல்ல மருத்துவரின் வழக்கம். வளரும் பிள்ளைக்கு வீண் கதிர்வீச்சு ஆகாது.

பல்லா, எலும்பா, சதையா, கடியா?

விலகல் நான்கு வகையாகலாம். முதலாவது, பல் மட்டும் இடம் மாறியிருப்பது: பால்பல் ஒன்று ஒரு பக்கம் முன்னதாக விழுந்தால் மற்றப் பற்கள் அப்பக்கம் நகரும். இரண்டாவது, தாடை எலும்பே ஒரு பக்கம் குறைந்தோ மிகுந்தோ வளர்வது. மூன்றாவது, தசையும் கொழுப்பும் வேறுபடுவது. நான்காவது, கடிக்கும் முறையால் வருவது. இந்த நான்காவதை வீட்டாரும் கண்டுகொள்ளலாம். பிள்ளை வாயை அகலத் திறக்கும்போது மோவாய் நடுவில் நிற்கிறது. மூடும்போதோ பற்கள் ஒன்றையொன்று தட்டியதும் தாடை ஒரு பக்கமாக வழுக்கிச் செல்கிறது. பெரும்பாலும் மேல்தாடை குறுகலாயிருந்து, ஒரு பக்கக் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடிப்பதே இதற்குக் காரணம். சிறு வயதில் அண்ணத்தின் நடு இணைப்பு உறுதிப்படுமுன் மேல்தாடையை மெல்ல அகலப்படுத்தினால் தாடை தன் இடத்துக்குத் திரும்பும். அறுவை வேண்டாம். இதையே கவனியாது விட்டால், வளரும் எலும்பும் அக்கோணலுக்கேற்ப வளரக்கூடும்.

ஆகவே காரணத்தை அறியாமல் கம்பி போடுவது, அடித்தளம் சாய்ந்த வீட்டில் சன்னலை மட்டும் நேராக்குவதை ஒக்கும்.

கண்ணை ஏமாற்றும் கன்னம்

என் பங்கில் ஒரு சிறுவன் ஆறு வயதில் மரத்திலிருந்து விழுந்தான். மோவாயில் காயம், தையல் போட்டார்கள், ஆறிவிட்டது. காதுக்கு முன்னுள்ள தாடை மூட்டை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவன் வாய் திறப்பது குறைந்தது. பதினான்காம் வயதில் ஒரு விரல் நுழையுமளவே திறந்தது. முகவாய் வலப்பக்கம் விலகி, வலக் கன்னம் பருத்தும் இடக் கன்னம் தட்டையாகவும் தோன்றின. "இடப்பக்கம் சூம்பிவிட்டது" என்று உறவினர் எண்ணி, அந்தக் கன்னத்துக்கே எண்ணெய் தடவி உருவிவிட்டனர். பள்ளியில் அவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். நற்கருணை வாங்க வாய் திறக்கவும் கூசிக் கோவிலின் கடைசி வரிசையில் நிற்பான்.

அளந்து பார்த்தபோது உண்மை தலைகீழாயிருந்தது. பருத்துத் தோன்றிய வலப்பக்கமே நோயுற்ற பக்கம். அங்கே மூட்டு எலும்போடு எலும்பாய் ஒட்டி, வளர்ச்சி நின்றுவிட்டது. குறுகிய எலும்பின்மேல் சதை திரண்டு கன்னம் நிறைந்ததாகக் காட்டியது. தட்டையாகத் தோன்றிய இடப்பக்கமே இயல்பாக வளர்ந்த பக்கம். மூட்டை விடுவிக்கும் அறுவை நடந்தது. பிறகு நாள்தோறும் வாய் திறக்கும் பயிற்சி. இப்போது சோறு பிசைந்து உருண்டையாக உண்கிறான். முகவாயைச் சரிசெய்யும் பணி இன்னும் இருக்கிறது. விழுந்த அந்த வாரமே மூட்டைப் பார்த்திருந்தால் துன்பத்தின் பெரும்பகுதி குறைந்திருக்கும் என்றார் மருத்துவர். நற்பக்கத்தை நோய்ப்பக்கமென்றும் நோய்ப்பக்கத்தை நற்பக்கமென்றும் எண்ணிய எட்டாண்டுகளை நினைக்கும்போது, கண்ணால் கண்டு தீர்ப்பிடாதீர் என்று ஆண்டவர் ஏன் எச்சரித்தார் என்பது விளங்குகிறது.

பெற்றோர் அறிய வேண்டியவை

குழந்தை மோவாய் தரையில் மோத விழுந்தால், காயம் சிறிதாயினும், வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். திறக்கையில் தாடை ஒரு பக்கம் இழுத்தாலோ, காதருகே வலி இருந்தாலோ, பற்கள் முன்போல் சேராவிட்டாலோ, உடனே பல் மருத்துவரிடமோ அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலோ காட்டுங்கள். குழந்தைகளின் மூட்டு முறிவுகளுட் பெரும்பாலானவை கத்தியின்றியே, தக்க பயிற்சியால் நலமாகின்றன. எனினும் வளர்ச்சியைச் சில ஆண்டுகள் கவனித்துவர வேண்டும். காதில் சீழ் வடிதலையும் அலட்சியம் செய்யாதீர்கள். அந்தத் தொற்றும் மூட்டைத் தாக்குவதுண்டு.

கைக்குழந்தை தலையை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்திருந்தால், கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். தொடக்கத்திலேயே பயிற்சியளித்தால் பெரும்பாலும் சரியாகும். விட்டுவிட்டால் முகமும் கோணலாக வளரும். குளிப்பாட்டும்போது தாடையை அழுத்தி உருவினால் முகம் திருந்தும் என்று பாட்டிமார் நம்புவது அன்பின் வேலையே. ஆயினும் எலும்பு கைக்கு அடங்கி வளர்வதில்லை.

ஏழு வயதுக்குள் ஒருமுறையாவது பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுமாறு அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அந்த வயதில் காட்டினாலே கம்பி போடவேண்டும் என்பதில்லை. பலருக்குப் பார்த்து வைப்பதே போதும்.

இளமைப் பருவத்தில் முகவாய் புதிதாக ஒரு பக்கம் விலகத் தொடங்கினால், தாடை மூட்டின் ஒரு முனை அளவுமீறி வளர்கிறதோ என்று பார்க்கவேண்டும். இந்நோயில் முகவாய் நோயுற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படும். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்தி எடுக்கும் எலும்புப் படம் வளர்ச்சி ஓய்ந்ததா என்பதை அறிய உதவும். ஓயுமுன் அவசரப்பட்டுத் திருத்தினால் கோணல் மீண்டும் வரக்கூடும். முகம் திடீரென ஒரே நாளில் கோணினாலோ, அது பல்லைச் சேர்ந்ததன்று. நரம்பு அல்லது மூளையைச் சேர்ந்ததாகலாம். அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மறுபுறம், அற்ப வேறுபாட்டுக்கு அஞ்சவும் வேண்டாம். 1999-இல் கோக்கிச் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், மேல் முன்பற்களின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகும்வரை பல்சீரமைப்பு வல்லுநரே அதனைக் குறையாக மதிப்பிடவில்லை. பொதுமக்களோ அந்த 4 மில்லிமீட்டரையும் பொருட்படுத்தவில்லை. கைப்பேசியில் முகத்துக்கு மிக அருகே பிடித்து எடுத்த படத்தை வைத்து வருந்தும் பிள்ளைகள் இன்று பலர். ஓரடித் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு ஐந்தடித் தொலைவில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டனர். ஆகவே அந்தப் படத்தைக் கொண்டு நம் முகத்தை அளத்தல் தவறு.

கடவுள் கொடுத்த முகம்

இனி மூன்றாவது கேள்வி. 1958 அக்டோபர் 4 அன்று, தாம் இறைவனடி சேர்வதற்கு ஐந்து நாட்களுக்கு முன், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் சீரமைப்பு அறுவை மருத்துவர்களுக்கு உரையாற்றினார். உடலழகு நன்மையானதே, ஆயினும் அதனினும் உயர்ந்த நன்மைகளுக்கு அது கீழ்ப்பட்டது என்று அவர் விளக்கினார். நோக்கம் நேர்மையாகவும், உடல்நலத்துக்குப் பேராபத்து இன்றியும், காரணம் தக்கதாகவும் இருந்தால் இத்தகைய மருத்துவம் ஆகும் என்பது அவர் போதனையின் சாரம். மெல்லவும் பேசவும் இயலாத தாடையைத் திருத்துவது படைத்தவரின் வேலைக்கு மாறானதன்று. அவர் தந்த உடலைப் பேணும் கடமையே அது. உடல் தூய ஆவியாரின் ஆலயம் எனப் புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் அறிவோம். ஆலயத்தின் சுவர் விரிசலுற்றால், அது கடவுள் விருப்பம் என்று சொல்லி இருந்துவிடுவோமா?

ஆனால் வேறொன்றும் சொல்லவேண்டும். முகத்தை அளப்பவர் மருத்துவர் மட்டுமல்லர். பெண் பார்க்கச் செல்லும் குடும்பமும் அளக்கிறது. "எல்லாம் பிடித்திருக்கிறது, சிரிக்கும்போது வாய் கொஞ்சம் கோணுகிறது" என்று சொல்லி எழுந்துவரும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களை நான் அறிவேன். அச்சொல் அந்தப் பெண்ணின் நெஞ்சில் எத்தனை ஆண்டு தங்கும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மருத்துவர் நூல் பிடித்து அளப்பது குணப்படுத்தற்கு. நீங்கள் அளப்பது தள்ளிவிடுதற்கு. ஈசாயின் புதல்வருள் மூத்தவனது தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு, இவனே அரசன் என எண்ணிய சாமுவேலுக்கே ஆண்டவர் திருத்தம் கூறவேண்டியிருந்தது. தோற்றத்தைக் கண்டு ஆள் பார்த்து நடத்துவதைப் புனித யாக்கோபும் தம் திருமுகத்தில் கண்டிக்கிறார்.

எனவே பெற்றோரே, இம்மாதம் இரண்டு செயல்களைச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளை வெளிச்சத்தில் அமர்த்தி, வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். ஐயம் தோன்றினால் காலம் தாழ்த்தாதீர்கள். அடுத்து, உங்கள் இல்லத்தில் எவருடைய முகத்தையும் பற்றிக் கேலிப்பெயர் வழங்குமாயின், அதனை இன்றோடு நிறுத்துங்கள். பல்நோயுற்றோரின் பாதுகாவலியாகிய புனித அப்போலோனியா, 249-ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் விசுவாசத்துக்காகப் பற்கள் உடைக்கப்பட்டு, தீயில் உயிர் துறந்தவர். உலகின் கண்ணுக்குச் சிதைந்துபோன அந்த முகத்தைத் திருச்சபை பிப்ரவரி 9-ஆம் நாள் போற்றி நினைவுகூர்கிறது. அவர் நம் பிள்ளைகளுக்காக மன்றாடுவாராக.

உங்கள் பங்குத் தந்தை